சந்தனம் பூசிய வால்வு

போன மாதம், இப்போது பர்சேஸ் மேசையில் இருக்கும் உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தார். பெயர் வேண்டாம், படித்தால் அவருக்கே தெரியும். "மேடம், ஆன்லைன்ல பழைய ஹைட்ராலிக் பம்ப் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். விக்கிறவருக்கு நாலரை ஸ்டார் இருக்கு. எடுத்துடலாமா?" என்றார். அந்த ஸ்டார் எதற்காகப் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டேன். பார்த்துவிட்டுச் சொன்னார்: சீக்கிரம் அனுப்பினாராம், நன்றாகப் பேக் செய்தாராம், மரியாதையாகப் பேசினாராம். வாங்கிய பம்ப் ஓடியதா என்று ஒரு ஆள்கூட எழுதவில்லை. எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன். அந்தக் கோபம் இன்னும் தணியவில்லை. தணிவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஓய்வு பெற்றால் எனக்குப் பொறுமை வந்துவிடும் என்று வீட்டில் நம்பினார்கள். பாவம், ஏமாந்துபோனார்கள். தாம்பரத்தைச் சுற்றியிருக்கிற சின்னச் சின்னக் கம்பெனிகளில் பொருள் வாங்கிப் போடும் மேசையில் உட்கார்ந்தே என் காலம் போனது. பர்சேஸ் மேடம் என்பார்கள். பில்லைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற வேலை என்று வெளியே நினைப்பார்கள். நாம் வாங்கிப்போடும் பொருளின் முன்னால் தினமும் ஒருவர் உட்கார்ந்து வேலை செய்கிறார் என்பதை யாரும் நினைப்பதில்லை. நீங்களும் நினைப்பதில்லை என்பதுதான் என் எரிச்சல்.

ஆன்லைனில் பழைய பாகம் வாங்கவே வாங்காதே என்று சொல்கிற ஆள் நான் இல்லை. அப்படிச் சொல்கிறவர்கள் தாங்கள் நேரில் ஏமாந்ததை வசதியாக மறந்தவர்கள். பழைய இரும்புக் கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்து, நம் பிள்ளைகளின் படிப்பை விசாரித்துக்கொண்டே தலையில் மிளகாய் அரைப்பார். ஆனால் அங்கே பம்பின் தண்டைக் கையால் சுற்றிப் பார்க்கலாம். மோட்டாருக்குப் பக்கத்தில் குனிந்தால் கருகின வாசனை வரும். செல்போனில் வாசனை வராது. வருவதெல்லாம் பளபளவென்று பெயிண்ட் அடித்த ஒரு போட்டோ.

ஒருமுறை கியர் பாக்ஸ் ஒன்றை அப்படி வாங்கினோம். விற்றவர் வீடியோ அனுப்பியிருந்தார். கியர் பாக்ஸ் சுற்றுகிறது, சத்தமே இல்லை. எங்கள் சூப்பர்வைசர் அந்த வீடியோவை எல்லாருக்கும் காட்டிக் காட்டிப் பூரித்துப்போனார். வந்ததும் ஓட்டினோம், அதே போலச் சத்தமே இல்லை. மாதம் முடிவதற்குள் பல் உடைந்து நின்றது. திறந்து பார்த்தால் உள்ளே கிரீஸோடு மரத்தூளைக் கலந்து திணித்து வைத்திருந்தார்கள். தேய்ந்த பல் சத்தம் போடாமல் இருக்க அதுதான் வைத்தியமாம். பழைய சாமான் கொஞ்சமாவது முனகத்தான் வேண்டும். முனகாவிட்டால் யாரோ வாயைப் பொத்தியிருக்கிறார்கள் என்று அன்றைக்குப் புரிந்தது.

அதிலிருந்து விற்கிறவர்களிடம் நான் ஒரு கேள்வி கேட்க ஆரம்பித்தேன்: இதை எதற்காகக் கழற்றினீர்கள்? எந்தப் பாகமும் தானாகக் கழன்று விற்பனைக்கு வருவதில்லை. யாரோ ஒருவர் ஸ்பானர் எடுத்துக் கழற்றியிருக்கிறார். "கம்பெனி மூடிட்டாங்க மேடம்" என்பார்கள். எல்லாரும் அதையேதான் சொல்வார்கள். சரி, எந்த மெஷினில் இருந்தது, அந்த மெஷினோடு இருக்கும் போட்டோ ஒன்று அனுப்புங்கள் என்பேன். நேர்மையானவர் தேடிப் பார்த்து அனுப்புவார், அல்லது இல்லை என்று நேராகச் சொல்வார். மற்றவருக்கு அந்த நிமிடமே நெட்வொர்க் போய்விடும்.

கியர் பாக்ஸ் போனால் வேலை நின்றுபோகும், முதலாளி கத்துவார், அவ்வளவுதான். நான் உங்களிடம் கோபமாகச் சொல்ல வந்தது வேறு. மெஷினை ஓட வைக்கிற பாகங்கள் இருக்கின்றன, நிறுத்துகிற பாகங்கள் இருக்கின்றன. ஓட வைக்கிறதைப் பழசாக வாங்கி ஏமாந்தால் நஷ்டம் கம்பெனிக்கு. நிறுத்துகிறதைப் பழசாக வாங்கி ஏமாந்தால் நஷ்டம் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு. இந்த வித்தியாசத்தை எந்தத் தளத்திலும் போடமாட்டார்கள். அங்கே எல்லாமே உதிரி பாகம்தான்.

நான் கடைசியாக வேலை பார்த்தது ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனிலிருந்து உள்ளே போகிற ஒரு தெருவில், ஒரு பிரஸ் ஷாப்பில். தகட்டை பிரஸ்ஸில் வைத்து அடித்து, வளைத்து, வண்டிகளுக்கான சின்னச் சின்னப் பாகங்கள் செய்து கொடுப்போம். முதலாளி ஏகாம்பரம். செம்பாக்கத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் போட்டுக்கொண்டிருந்த குடும்பம். நெல் போய் மனை வந்தது, மனை விற்றதில் இந்த ஷாப் வந்தது. நல்ல மனிதர். இதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆளுக்கு உடம்பு சரியில்லை என்றால் தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். நம் தொழிலில் கை விரல்கள் போவதற்குக் காரணமாக இருப்பவர்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட நல்ல மனிதர்கள்தான். கெட்டவர்களாக இருந்தால் நாமும் உஷாராக இருந்திருப்போம்.

அங்கே இருந்த பெரிய பிரஸ்ஸில் கஸ்தூரி வேலை செய்தாள். கோவளம் பக்கம் கடலோரக் குப்பத்திலிருந்து பஸ் மாறி வருவாள். வீட்டுக்காரர் படகில் போகிறவர், மாமியார் மீன் விற்கிறவர். "மீன் கூடைய தூக்க மாட்டேன்னு சண்ட போட்டுகினு இங்க வந்தேன் மேடம்" என்று சிரிப்பாள். சுறுசுறுப்பான கை. அவள் கையால் முதல் பீஸ் அடித்தால் அந்த ஆர்டர் தடையில்லாமல் ஓடும் என்று ஏகாம்பரத்துக்கு ஒரு நம்பிக்கை. புது டை, அதாவது தகட்டுக்கான அச்சு, மாட்டினாலும், ரிப்பேர் முடிந்து பிரஸ் ஓடத் தொடங்கினாலும், "கஸ்தூரியக் கூப்பிடு, ராசியான கை" என்பார். அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

அந்த பிரஸ் எப்படி வேலை செய்யும் என்று தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால் மேலிருந்து இரும்புத் தலை இறங்கித் தகட்டை அடிக்கும். அடித்துவிட்டு மேலே போய் நின்றுவிடும். நின்ற பிறகு ஆபரேட்டர் கையை உள்ளே விட்டு, அடித்த பீஸை எடுத்து, புதுத் தகட்டை வைப்பார். மேலே போன தலை மேலேயே நிற்கும் என்ற ஒரே நம்பிக்கையில்தான் அந்தக் கை உள்ளே போகிறது. தலையை நிறுத்தி வைப்பது காற்றில் வேலை செய்யும் ஒரு வால்வு. அதற்குள் ஒரே வேலைக்கு இரண்டு பாதிகள் இருக்கும். ஒரு பாதி மாட்டிக்கொண்டாலும் இன்னொரு பாதி காற்றை வெளியே விட்டு பிரஸ்ஸை நிறுத்திவிட வேண்டும், அதற்காகத்தான் இரண்டு. அந்த வால்வு பழுதானால் தலை யாரும் தொடாமலேயே மறுபடி இறங்கும். அப்போது அந்தக் கை உள்ளே இருக்கும்.

முன்பு நான் இருந்த இன்னொரு கம்பெனியில், ஒரு பெண் ஆபரேட்டரின் பிரஸ்ஸில் அப்படி ஒரு முறை இறங்கியது. அதை நான் விவரிக்கப் போவதில்லை. விசாரணையில் "ஆபரேட்டரின் கவனக்குறைவு" என்று எழுதினார்கள். அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் இருந்தபடியே அதில் இடது கைப் பெருவிரல் ரேகை வைத்தாள், வலது கையால் கையெழுத்துப் போட முடியாததால்.

ஏகாம்பரத்தின் பிரஸ்ஸில் அந்த வால்வு காற்றைக் கசியவிட ஆரம்பித்தது. பழைய மாடல், அதே வால்வு புதிதாகக் கிடைக்காது. வேறு மாடலைப் போட்டு அதற்கேற்ற பிளேட் செய்து மாட்டலாம், சில வாரம் ஆகும் என்று சொன்னேன். அவருக்குச் சில வாரம் ஆகாது. பெரிய ஆர்டர் ஒன்று கையில் இருந்தது, பார்ட்டி தினமும் போன் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் டை செய்கிறவரைப் பார்க்கக் கூடுவாஞ்சேரி போன நாளாகப் பார்த்து வால்வு வந்து இறங்கியது. எனக்குத் தெரியாமல் அவரே செல்போனில் தேடி, அவரே வாங்கியிருந்தார்.

நான் திரும்பி வந்தபோது ஷாப்புக்குள் சாம்பிராணிப் புகை. வால்வை பிரஸ்ஸில் மாட்டி முடித்திருந்தார்கள். அதற்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் கதம்பம். பிரஸ்ஸின் கால்மாட்டில் எலுமிச்சம்பழம். கற்பூரம் காட்டி முடித்து எல்லாரும் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார்கள். நம் பக்கத்தில் இது வழக்கம்தானே. புது ட்ரில் பிட் வந்தால்கூடப் பொட்டு வைக்காமல் மாட்டமாட்டோம். எனக்கும் சாமி நம்பிக்கை உண்டு, அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பூஜை போட்ட பொருளை நம் ஆட்கள் அதற்குப் பிறகு சந்தேகப்படமாட்டார்கள். கற்பூரம் காட்டியதைக் கழற்றுவது அபசகுனம், குறை சொல்வது அதைவிட அபசகுனம். அதாவது, பார்க்க வேண்டியதைப் பார்ப்பதற்கு முன்னாலேயே பார்க்கக் கூடாததாக ஆக்கிவிடுகிறோம்.

"எங்க வாங்கினீங்க?" என்று கேட்டேன்.

ஏகாம்பரம் முகமெல்லாம் சிரிப்பாக செல்போனை நீட்டினார். "பாருங்க மேடம். நாலஞ்சு பேர்கிட்ட இருந்தது. இந்த ஆள் மட்டும் பொருளுக்குச் சந்தனம் குங்குமம் வச்சு போட்டோ போட்டிருக்கான். சாமி பயம் உள்ளவன். நம்மள ஏமாத்த மாட்டான்."

போட்டோவைப் பார்த்தேன். வால்வின் மேல் விரற்கடை அகலத்துக்குச் சந்தனத்தை அப்பியிருந்தார்கள். வந்து இறங்கியபோதும் அது அப்படியே காய்ந்து ஒட்டியிருந்ததாம். அதன் மேலேயே இவர்களும் புதுச் சந்தனம் வைத்திருக்கிறார்கள்.

"திறந்து பாத்தியா?" என்று ஃபிட்டர் பாஸ்கரிடம் கேட்டேன்.

"சார் மாட்டச் சொன்னார் மேடம், மாட்டிட்டேன்" என்றார். என் கண்ணைப் பார்க்கவில்லை.

அதற்குள் ஏகாம்பரம், "கஸ்தூரி, வாம்மா, வந்து முதல் பீஸ் போடு. நல்ல நேரம் முடியப்போகுது" என்று கூப்பிட்டுவிட்டார். அவளும் கையைத் துடைத்துக்கொண்டு, பிரஸ்ஸைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஸ்டூலில் உட்காரப் போனாள். நான் குறுக்கே போய் நின்றேன்.

"எழுந்திரும்மா."

"இன்னா மேடம்?"

"எழுந்திருன்னா எழுந்திரு."

"மேடம், இது என்ன புதுசா?" என்றார் ஏகாம்பரம். குரல் மாறிவிட்டது. "பூஜை முடிஞ்சு கை வைக்கிற நேரத்துல குறுக்க நிக்கிறீங்க."

நான் குனிந்து வால்வைப் பார்த்தேன். அந்த வால்வின் ஒவ்வொரு பாதியிலும் காற்று வெளியேறுவதற்கு ஒரு வாய் இருக்க வேண்டும். ஒரு பாதியின் வாய் தெரிந்தது. இன்னொன்று இருக்க வேண்டிய இடத்தில் சந்தனம் இருந்தது. என் புடவைத் தலைப்பை எடுத்து அதை அழுத்தித் துடைத்தேன். பின்னால் யாரோ "ஐயோ" என்றது காதில் விழுந்தது. ஏகாம்பரம், "மேடம், வேணாம்" என்று கையை நீட்டினார். என்னைத் தொட்டுத் தடுக்க அவருக்குக் கூச்சம், அதனால் பிழைத்தேன். புதுச் சந்தனம் உடனே வந்துவிட்டது. அடியில் இருந்த காய்ந்த சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அதற்கும் அடியில் பித்தளை தெரிந்தது. காற்று போக வேண்டிய வாயை ஒரு பித்தளைத் துண்டால் அடைத்து, மேலே சமமாகத் தேய்த்து விட்டிருந்தார்கள்.

"இது இப்படித்தான் வருமோ என்னமோ" என்றார் ஏகாம்பரம். கண்ணால் பார்த்த பிறகும் இப்படி ஒரு வாக்கியம் வரும் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் இருக்கும் மனிதருக்குக் கண் தெரியும், ஆனால் பார்த்ததை ஒப்புக்கொள்ள மனம் வராது. அப்போது நீங்கள் கத்தித் தீர்த்தால் அவர் இன்னும் பிடிவாதமாகிவிடுவார். எனக்குக் கத்த வேண்டும் போலத்தான் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "சரி சார், ஓட்டிப் பாருங்க. ஆனா ஸ்டூல்ல யாரும் உட்காரக் கூடாது. பாஸ்கர் ரெண்டு நீட்டக் குச்சியால ரெண்டு பட்டனையும் அமுக்கட்டும். உள்ள ஒரு மரத்துண்டை வைக்கலாம்" என்றேன். அதற்கு அவரால் மறுப்புச் சொல்ல முடியவில்லை.

பட்டனை அழுத்தினார்கள். தலை இறங்கியது, மேலே போனது, நின்றது. மறுபடி அழுத்தினார்கள். மறுபடியும் சரியாக நின்றது. பல முறை அப்படியே நின்றது. ஏகாம்பரம் என்னைப் பார்த்து, "பாத்தீங்களா மேடம்? நீங்க பயந்தது போதும்" என்றார். எனக்கே ஒரு நொடி சந்தேகம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். எல்லார் முன்னாலும் சந்தனத்தைத் துடைத்தவள் நான். பிரஸ் நன்றாக ஓடினால் அந்த ஷாப்பில் அதற்குப் பிறகு என் பேச்சு எடுபடாது. ஆனாலும், "இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும்" என்றேன். நிற்க வைக்கிற பாகம் ஒன்று நூறு முறை சரியாக நின்றதால் அது நல்லது என்று ஆகிவிடாது. இதை நீங்கள் வேறு எதை மறந்தாலும் மறக்காதீர்கள்.

பாஸ்கர் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கத் திரும்பினார். தலை மேலே நின்றிருந்தது. பட்டனுக்குப் பக்கத்தில் யாருமே இல்லை. அப்போது அது இறங்கியது. உள்ளே இருந்த மரத்துண்டு வெடித்துச் சிம்பு சிம்பாகத் தெறித்தது. தலை ஒன்றும் நடக்காதது போல மேலே போய் மறுபடி நின்றுகொண்டது.

கஸ்தூரி மெதுவாகப் பின்னால் நகர்ந்து சுவரில் சாய்ந்தாள். "யாருமே தொடலயே மேடம்" என்றாள். "யாருமே தொடலயே."

மெயின் ஸ்விட்சை அணைத்து, காற்றை இறக்கி, வால்வைக் கழற்றித் திறந்தோம். ஒரு பாதிக்குள் ஒன்றுமே இல்லை. இருக்க வேண்டிய பாகங்களை எல்லாம் எடுத்துவிட்டு, லேத்தில் கடைந்த ஒரு கட்டையைச் சொருகியிருந்தார்கள். மிச்சமிருந்த பாதி மாட்டிக்கொண்டதும் பிரஸ்ஸை நிறுத்த வேறு ஒன்றும் இல்லை. அருமையான வேலை, அளவில் ஒரு குறை சொல்ல முடியாது. என்னைப் பயமுறுத்தியது அந்த ஒழுங்குதான். தெரியாமல் செய்த தவறு என்றால் கோணல்மாணலாக இருந்திருக்கும். யாரோ ஒருவர் லேத் முன்னால் நிதானமாக உட்கார்ந்து, இது என்ன வால்வு என்று நன்றாகத் தெரிந்தே, அதில் பாதியைக் கொன்றிருக்கிறார். அதற்குப் பிறகு பெயிண்ட் அடித்து, சந்தனம் பூசி, போட்டோ எடுத்திருக்கிறார்.

விற்றவருக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன். மணி அடித்ததும் எடுத்தார், தேன் ஒழுகும் குரல்.

"சொல்லுங்க மேடம்."

விஷயத்தைச் சொன்னேன். துள்ளிக் குதிப்பார், மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் பதறவே இல்லை.

"அப்படிங்களா மேடம்? பிரச்சனையே இல்ல. ரிட்டர்ன் போட்டுடுங்க, ஆள் வந்து எடுத்துக்குவாங்க. பணம் முழுசா திரும்ப வந்துடும். பாகத்தை மட்டும் டேமேஜ் பண்ணாம, நான் அனுப்பின மாதிரியே அனுப்பிடுங்க. அந்த மாடல் கேட்டு வேற கஸ்டமர் ரெடியா இருக்காங்க."

இதைத்தான் அவர் சொன்னார். வேறு கஸ்டமர் ரெடியாக இருக்கிறார். உங்களுக்கு இதைப் படித்துக் கோபம் வருகிறதா? வந்தால் சந்தோஷம். ஏனென்றால் அன்றைக்கு ஷாப்பில் இருந்த பலருக்கு வரவில்லை. நிம்மதிதான் வந்தது. ஏகாம்பரம் பெருமூச்சு விட்டு, "பரவாயில்ல, மரியாதையான ஆள்தான். பாஸ்கரு, ஜாக்கிரதையா பேக் பண்ணு" என்றார். பாதுகாப்பாக வாங்குவது எப்படி என்று நீங்கள் எல்லாம் கேட்கிறீர்களே, பணம் திரும்பி வந்தால் பாதுகாப்பு என்று நினைக்கிறீர்களே, அது இதுதான். எல்லா விதிமுறையும் சரியாக நடந்தது. வாங்கியவருக்கு நஷ்டம் இல்லை, விற்றவருக்கு நஷ்டம் இல்லை, தளத்துக்கு நஷ்டம் இல்லை. கட்டை சொருகிய வால்வு மட்டும் இன்னொரு ஊருக்குப் புறப்படத் தயாராக இருந்தது.

பாஸ்கர் அட்டைப் பெட்டியை எடுத்து வந்தார். கஸ்தூரி சுவரை விட்டு விலகி வந்தாள்.

"ஓனரே, இத்த திருப்பி அனுப்பிச்சா எங்க போவும்?"

"அவன்கிட்ட போவும்மா. நமக்கு என்ன?"

"அவரு இத்த இன்னா பண்ணுவாரு?"

ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். அவரே சொல்லட்டும் என்று இருந்தேன்.

"வேற யாருக்காவது விப்பான்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"அங்க எவளோ ஒருத்தி குந்திகினு இருப்பா இல்ல?"

"அதுக்கு நாம என்ன பண்ண முடியும்? ஊர்ல இருக்கறதுக்கெல்லாம் நாம பொறுப்பாக முடியுமா? உடைச்சு அனுப்பினா பைசா திரும்ப வராது. ஏற்கெனவே பிரஸ் நிக்குது."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. புது மாடல் வால்வு வந்து மாட்டுவதற்குள் அந்த ஆர்டரில் பாதி வேறு கம்பெனிக்குப் போனது. அந்த நஷ்டத்தை அவர்தான் தாங்கினார், நான் இல்லை. அதனால் அவரை உட்கார வைத்துப் பாடம் நடத்த எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பொருளை வாங்குவதும், வந்ததை ஏற்பதும், கழிப்பதும் என் மேசையின் வேலை. அதை எனக்குத் தெரியாமல் செல்போனில் செய்தது அவர். "சார், இந்த ஒண்ணை என் முடிவுக்கு விடுங்க. இது வெளிய போகாது" என்றேன். அவர் தரையில் கிடந்த மரச் சிம்பு ஒன்றைக் காலால் ஒதுக்கினார். பிறகு, "என்னமோ பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போனார். கதவைச் சாத்திக்கொண்டார்.

பாஸ்கர் வால்வை இரும்புப் பலகையின் மேல் வைத்தார். பெரிய சம்மட்டியை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் கஸ்தூரியைப் பார்த்தேன். அவள் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை, பிடுங்கினாள். முதல் அடியில் விரிசல் விட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் நிறுத்தவில்லை. கட்டை தெறித்து விழுகிற வரை அடித்தாள், விழுந்த கட்டையையும் விடவில்லை. ஷாப்பில் மற்ற பெண்கள் எல்லாம் மெஷினை நிறுத்திவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். ஒருத்தி அழுதாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஏகாம்பரம் முதலிலேயே போட்டுவிட்ட ரிட்டர்னை எடுக்கிறவர் மறுநாள் மத்தியானம் வந்தார். தளத்துக்கு நான் எழுதிப்போட்ட புகாரை யாரும் படிக்கவில்லை, ஆனால் ஆள் மட்டும் நேரத்துக்கு வந்துவிட்டார். துண்டுகளைப் போட்டு வைத்திருந்த பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ன மேடம், சுக்குநூறா கீது? இத்த எடுக்க முடியாது. அமௌண்ட் வராது மேடம்" என்றார்.

"எடுக்க வேணாம்ப்பா. தண்ணி குடிச்சிட்டுக் கிளம்பு."

அவர் செல்போனில் என்னத்தையோ தட்டினார். போட்டோ எடுத்தார், போனார். கொஞ்ச நேரத்தில் விற்றவரிடமிருந்து போன் வந்தது. தேன் எல்லாம் வற்றிவிட்டது.

"என்ன மேடம் இது? படிச்சவங்க செய்யிற வேலையா? நல்லா ஓடிக்கிட்டிருந்த பொருளை உடைச்சு வச்சிருக்கீங்க. வேணாம்னா திருப்பித் தர வேண்டியதுதானே? இன்னும் எத்தனையோ வருஷம் ஓடியிருக்கும் அது."

வாழ்க்கை முழுக்க வாயாடி என்று பெயர் எடுத்தவள், அன்றைக்கு வாயடைத்து நின்றேன். கஸ்தூரி பக்கத்தில் கை கழுவிக்கொண்டிருந்தாள். ஈரக்கையோடு வந்து என் கையிலிருந்து போனை வாங்கினாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"அண்ணா, நான் பிரஸ் ஆபரேட்டரு பேசறேன். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத. உன் வூட்ல யார்னா பிரஸ்ல குந்திகினு வேல செய்றாங்களா?"

அந்தப் பக்கம் அவர் ஒரே ஒரு வார்த்தை சொன்னது கேட்டது, என்ன என்று எனக்குப் புரியவில்லை. லைன் துண்டானது.

கஸ்தூரி போனை என்னிடம் நீட்டினாள்.

"இல்லயாம் மேடம்."